கரும்புக்கு இனிப்பு தந்தவர் ஜானகி அம்மாளா? உங்கள் தேநீர்க் கோப்பையில் தொடங்கும் ஒரு விஞ்ஞானியின் கதை

கேமரன் மலைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் அந்தக் குறுகலான சாலை, இரண்டு பக்கமும் சீப்பால் வாரிவிட்டது போன்ற பச்சை, மேலே போனால் ஒரு கோப்பைத் தேநீர், அப்புறம் கட்டாயம் ஒரு செல்ஃபி. நம்மில் பலருக்கு அந்தப் பச்சைக்குள் குடும்பக் கதையும் உண்டு. கூடையைச் சுமந்து கொழுந்து பறித்த பாட்டி, காடு வெட்டித் தோட்டம் போட்ட தாத்தா என்று ஏதாவது ஒரு பெயர் வீட்டில் இருக்கும்.

அடுத்த முறை போகும்போது ஒரு செடியின் முன்னால் கொஞ்சம் நின்று பாருங்கள். 1929-இல் ஜே.ஏ. ரஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதே நிறுவனம் சிலாங்கூரின் தாழ்நிலத்தில், புக்கிட் சீடிங்கிலும் தேயிலை வளர்த்தது. ஓர் இடத்தில் குளிரும் மூடுபனியும். இன்னோர் இடத்தில் நாள் முழுக்கப் புழுக்கம். இரண்டிலும் வளர்வது தேயிலைதான். ஆனால் வளரும் வேகம் வேறு, இலை வேறு, கோப்பையில் வரும் சுவையும் வேறு.

ஏன் அப்படி? ஒரு செடியின் விளைச்சலை முடிவு செய்வது அதன் மரபணுவா, அது நிற்கும் மண்ணா? இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டிய ஒருவரைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். அவர் பெயர் ஜானகி அம்மாள்.

யார் இவர்?

எடவலத் கக்கட் ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்தார். இன்று அது கேரளம். அன்று மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டம். அப்பா ஈ.கே. கிருஷ்ணன் துணை நீதிபதி. தோட்டம் போடுவதிலும் பறவைகளைக் கவனிப்பதிலும் அவருக்கு ஈடுபாடு அதிகம். பெரிய குடும்பம், வீடு நிறையப் பிள்ளைகள். தீயர் சமூகத்தைச் சேர்ந்த இந்தக் குடும்பம், அன்றைய சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டிருந்தது. வசதியும் படிப்பும் இருந்தும் அந்தச் சுவர் அப்படியே இருந்தது.

அக்காமார்களுக்கு ஒவ்வொருவராகத் திருமணம் ஆனது. ஜானகிக்கும் பேச்சு வந்தது. அவர் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். சென்னை ராணி மேரிக் கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ். 1921-இல் பட்டம் வாங்கிவிட்டு, சென்னையில் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார்.

அங்கிருந்து நேரே அமெரிக்கா. ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகை கிடைத்து மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1931-இல் அங்கே முனைவர் பட்டம். அமெரிக்காவில் தாவரவியலில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். இந்தியப் பெண்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கவே வாய்ப்பில்லாமல் இருந்த காலம் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும் திருவனந்தபுரத்தில் இரண்டு வருடம் பேராசிரியர் வேலை. பிறகு 1934-இல் கோயம்புத்தூர், கரும்பு இனப்பெருக்க நிலையம். சமூக ஊடகங்களில் நீங்கள் பார்க்கும் கதை பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்கும்.

இந்தியக் கரும்பை இனிப்பாக்கியது இவரா?

இந்தியச் சர்க்கரையை இனிக்க வைத்த பெண் என்று தலைப்புப் போட்டு, கறுப்பு வெள்ளைப் படத்தோடு ஒரு பதிவு அடிக்கடி வலம் வரும். ஷேர் செய்வதற்கு முன்னால் ஒரு நிமிடம்.

கோயம்புத்தூர் நிலையம் தொடங்கியது 1912-இல். அன்று இந்தியா ஜாவாவிலிருந்து சர்க்கரை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. வடஇந்தியாவில் கரும்பு இல்லாமல் இல்லை. ஆனால் அது மெலிந்த கரும்பு. குளிரையும் வறட்சியையும் தாங்கும், சாறுதான் குறைவு. தெற்கிலும் ஜாவாவிலும் விளைந்த தடித்த கரும்பில் சாறு நிறைய. அதைப் பஞ்சாபில் நட்டால் குளிரில் சுருண்டுவிடும்.

பிரச்சினை புரிகிறதா? நல்ல ரகம் என்று தனியாக ஒன்று கிடையாது. எந்த ஊருக்கு நல்ல ரகம் என்றுதான் கேட்க வேண்டும்.

அந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் இருவர்: சார்ல்ஸ் ஆல்ஃப்ரட் பார்பரும், அவருக்குக் கீழே வேலை செய்து பிறகு நிலையத்தின் தலைவரான டி.எஸ். வெங்கட்ராமனும். தடித்த கரும்பை, நாணல் போல் காடாக வளரும் ஒரு காட்டுப் புல்லோடு கலந்தார்கள். அந்தப் புல்லின் அறிவியல் பெயர் சக்கரம் ஸ்பொன்டேனியம். வாயில் வைத்தால் இனிப்பே தெரியாது. ஆனால் குளிர், வறட்சி, நோய் எதையும் தாங்கும். இரண்டும் சேர்ந்து பிறந்த கோ 205 என்ற ரகம் 1918-இல் பஞ்சாபுக்குப் போனது. பெயரில் உள்ள 'கோ' கோயம்புத்தூரைக் குறிக்கிறது. அதன் பிறகு வடக்குக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று என்று கோ ரகங்கள் வரிசையாக வந்தன.

ஜானகி அம்மாள் அங்கே சேர்ந்தது 1934-இல். அதாவது, கோ 205 வெளியாகிப் பதினாறு வருடம் கழித்து. ஆகவே இந்தியக் கரும்பைத் தனியாளாக இனிப்பாக்கினார் என்பது சரியல்ல.

அப்படியென்றால் அவர் செய்தது சின்ன வேலையா? இல்லவே இல்லை. சமையல் ருசியாக வந்துவிட்டது, ஆனால் ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியாது. கரும்பு இனப்பெருக்கத்தின் நிலை அன்று கிட்டத்தட்ட அதுதான். அந்த 'ஏன்'-ஐத் தேடிப் போனவர் ஜானகி.

குரோமோசோமை எண்ணினால் என்ன தெரியும்?

வேர் நுனியைச் சிறிது வெட்டி, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் வைத்து மெல்ல நசுக்கி, நுண்ணோக்கியில் பாருங்கள். பிரிந்துகொண்டிருக்கும் செல்லுக்குள் குச்சி குச்சியாகத் தெரிபவை குரோமோசோம்கள். மரபணுக்கள் இருப்பது அவற்றில்தான். மனிதர்களுக்கு 46. தேயிலைச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு 30. தடித்த கரும்புக்கு 80.

அந்தக் காட்டுப் புல் மட்டும் வம்பு பிடித்தது. எல்லா இடத்திலும் அதற்கு ஒரே எண்ணிக்கை இல்லை. இன்று நமக்குத் தெரிந்தவரை 40-இலிருந்து 128 வரை போகிறது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த புல்லை எடுத்து, பொறுமையாக எண்ணி, ஊருக்கு ஊர் அது எப்படி மாறுகிறது என்று ஜானகி பதிவு செய்தார்.

அதனால் என்ன லாபம்? எந்தப் புல்லைக் கரும்போடு சேர்க்கலாம், சேர்த்தால் பிள்ளைச் செடி எப்படி இருக்கும் என்று ஊகிக்க ஒரு வரைபடம் கிடைத்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு கலப்பதற்கும், யார் யாருக்கு உறவு என்று தெரிந்து கலப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்தார். இரண்டும் புல் குடும்பம்தான். ஆனால் தூரத்துச் சொந்தம். அந்தக் கலப்பு பற்றிய அவருடைய கட்டுரை 1938-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அது வயலுக்குப் போகும் ரகமாகவில்லை. செடிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் வரை பாலம் போட முடியும் என்பதைக் காட்டியது.

இந்த ஐந்து வருடமும் அவருக்கு எளிதாக இருக்கவில்லை என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஆண்கள் நிறைந்த இடத்தில் தனியாக ஒரு பெண். திருமணம் ஆகாதவர். சாதி வேறு. 1939-இல் மரபியல் மாநாட்டுக்காக எடின்பரோவுக்குக் கப்பல் ஏறினார். அவர் அங்கே இருந்தபோது இரண்டாம் உலகப் போர் வெடித்தது. ஜானகி திரும்பவில்லை.

குண்டு விழும் ஊரில் ஒரு அகராதி

லண்டனின் தென்புறத்தில் மெர்ட்டன் என்ற இடத்தில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையம் இருந்தது. 1940 முதல் அங்கே வேலை. இரவில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போடும். அவர் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வார், விடிந்ததும் உடைந்த கண்ணாடித் துண்டுகளைத் தட்டிவிட்டு வேலையைத் தொடர்வார் என்று நண்பர்கள் வழியாக ஒரு கதை உண்டு. எல்லாம் சேலையில்தான்.

அந்த வருடங்களில் சிரில் டார்லிங்டன் என்ற புகழ்பெற்ற மரபியலாளரோடு சேர்ந்து ஒரு புத்தகம் தயாரித்தார். 1945-இல் வெளியான 'பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்' அதுதான். மனிதர் வளர்க்கும் செடிகளின் குரோமோசோம் எண்கள், அவற்றின் பூர்வீகம் எல்லாம் ஒரே இடத்தில். செடி இனப்பெருக்கம் செய்பவர்களுக்கு அது ஒரு தொலைபேசிப் புத்தகம் மாதிரி. யாரோடு யாரைச் சேர்க்கலாம் என்று தேடிப் பார்க்கலாம்.

போர் முடிந்ததும் விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்துக்கு மாறினார். அங்கே சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட முதல் பெண் விஞ்ஞானி அவர். கோல்சிசின் என்ற பொருளைக் கொண்டு செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும் சோதனைகளை அங்கே செய்தார். கோல்சிசின் எதில் இருக்கிறது தெரியுமா? நம்ம செங்காந்தள் கிழங்கிலும் இருக்கிறது. அது கடும் நஞ்சு என்று ஊரில் பெரியவர்கள் எச்சரிப்பார்களே, காரணம் அதுதான். ஜானகி வளர்த்த மக்னோலியா செடிகளில் வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு வகைக்கு அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள்.

தேயிலைக்கும் அவருக்கும் தொடர்பு இங்கேதான் வருகிறது. தேயிலை, கெமிலியா என்ற இனத்தைச் சேர்ந்த செடி. வீட்டுத் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கும் கெமிலியா பூச்செடிகளும் அதன் சொந்தங்கள். அந்தக் கெமிலியா வகைகளின் குரோமோசோம் உறவுகளை ஆராய்ந்து 1950களின் தொடக்கத்தில் ஜானகி எழுதினார்.

கரும்பு, தேயிலை, பருத்தி: மூன்றும் ஒன்றா?

நல்ல விளைச்சல் தரும் செடி ஒன்று உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, அதை எப்படிப் பெருக்குவது?

கரும்பில் எளிது. தண்டை வெட்டிக் கரணையாக நட்டால் அதே ரகம் மறுபடி வளரும். தேயிலையிலும் அப்படித்தான். நல்ல செடியிலிருந்து ஓர் இலையோடு சிறு தண்டுத் துண்டை வெட்டி நாற்றுப் பையில் நடுவார்கள். தாய் எப்படியோ, பிள்ளையும் அப்படியே. இதைத்தான் குளோன் என்கிறோம். விதையிலிருந்து வளர்த்த தேயிலையில் ஒவ்வொரு செடியும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். குளோன் நட்ட வரிசை ஒரே அச்சில் வார்த்தது போலத் தெரியும்.

பருத்தி அப்படியில்லை. அதை விதை போட்டுத்தான் வளர்க்க வேண்டும். இரண்டு ரகங்களைக் கலந்தால் முதல் தலைமுறையில் விளைச்சல் துள்ளும். அதை வீரிய ஒட்டு ரகம் என்பார்கள். ஆனால் அந்தச் செடியின் விதையை எடுத்து அடுத்த வருடம் விதைத்தால் ஒன்று உயரம், ஒன்று குட்டை என்று சிதறிவிடும். ஆகவே ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கலந்த விதை தேவை.

இங்கேயும் குரோமோசோம் எண்ணிக்கை குறுக்கே வரும். கோவில்பட்டி, திருநெல்வேலிக் கரிசலில் மழையை மட்டும் நம்பி வளர்ந்த கருங்கண்ணிப் பருத்தி நாட்டு ரகம். அதற்கு 26. நீண்ட இழை தரும் அமெரிக்கப் பருத்திக்கு 52. இரண்டையும் கலந்தால் பிள்ளைக்கு 39. ஜோடி சேர முடியாத எண். அதனால் செடி மலடாகிவிடும். 52-ஐ 52-ஓடு சேர்த்தால் வழி திறக்கும்.

அந்த வழியில்தான் குஜராத்தின் சூரத்தில் சி.டி. படேல் 1970-இல் ஹைப்ரிட் 4 ரகத்தைக் கொண்டு வந்தார். வணிக அளவில் பயிரிடப்பட்ட உலகின் முதல் வீரிய ஒட்டுப் பருத்தி அது. இரண்டு வருடத்தில் கர்நாடகத்தின் தார்வாடிலிருந்து வரலட்சுமி வந்தது. அமெரிக்கப் பருத்தியையும் எகிப்தியப் பருத்தியின் இனத்தையும் கலந்த ரகம். இரண்டுக்கும் 52. இவை ஜானகியின் கண்டுபிடிப்புகள் அல்ல. ஆனால் எண்ணிக்கை பார்த்து ஜோடி சேர்க்கும் அறிவைத்தான் அவருடைய அட்லஸ் ஒரே புத்தகத்தில் திரட்டி வைத்திருந்தது.

இதில் உழைப்பு எவ்வளவு தெரியுமா? மாலையில், மறுநாள் விரியப்போகும் மொட்டு ஒவ்வொன்றிலும் மகரந்தப் பைகளைக் கையால் நீக்க வேண்டும். மறுநாள் காலை வேறு ரகத்தின் பூவைக் கொண்டுவந்து அதில் தடவ வேண்டும். பூ பூவாக, வயல் முழுக்க. இந்தியாவில் இந்த வேலையைப் பெருமளவு செய்தவர்கள் பெண்கள்.

விளைச்சல் கூடியது உண்மை. அதோடு ஒரு விலையும் வந்தது. விதையை வீட்டில் எடுத்து வைத்த விவசாயி, வருடா வருடம் கடையில் வாங்குபவரானார். தண்ணீரும் உரமும் கிடைத்த வயலில் புது ரகம் ஜொலித்தது. வானம் பார்த்த பூமியில், மழை பொய்த்த வருடத்தில், விதைக்குக் கொடுத்த காசும் போனது. கரும்பில் கேட்ட அதே கேள்வி இங்கேயும்: எந்த ஊருக்கு நல்ல ரகம்?

ஊர் திரும்பியவர் ஏன் காட்டுக்குப் போனார்?

1951-இல் பிரதமர் ஜவஹர்லால் நேரு அழைத்தார். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு. வெள்ளையர் காலத்தில் சேகரித்த இந்தியச் செடிகளில் முக்கியமானவை பல லண்டனில் இருந்தன. இந்தியச் செடிகளை இந்தியர்களே தேடி, படித்து, பாதுகாக்க வேண்டும் என்பது ஜானகியின் ஆசை.

நாடு முழுக்கச் சுற்றினார். விளைச்சலைப் பெருக்கும் வேகத்தில் காடுகள் வெட்டப்படுவதைப் பார்த்தார். 1955-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஒரு பெரிய மாநாடு நடந்தது. மனிதன் பூமியின் முகத்தை எப்படி மாற்றுகிறான் என்பது தலைப்பு. அழைக்கப்பட்டவர்களில் ஒரே பெண் ஜானகி. அங்கே அவர் பேசியது இந்தியாவின் பிழைப்பு வேளாண்மை பற்றி. பழங்குடிகளும் சிறு விவசாயிகளும் செடிகளைப் பற்றி வைத்திருக்கும் அறிவுக்கு அதில் மரியாதை கொடுத்தார்.

கடைசி வருடங்களைச் சென்னையை ஒட்டிய மதுரவாயலில் கழித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் வயல் ஆய்வுக்கூடம் அங்கே இருந்தது. மூலிகைத் தோட்டம், பூனைகள், எளிய வாழ்க்கை. 1977-இல் பத்மஸ்ரீ வந்தது.

அப்போது கேரளத்தில் குந்திப்புழை ஆற்றில் அணை கட்டும் திட்டம். அணை வந்தால் அமைதிப் பள்ளத்தாக்கு என்ற மழைக்காடு மூழ்கும். எண்பது வயதில் ஜானகி அதை எதிர்த்தவர்களோடு நின்றார். அந்தக் காட்டுச் செடிகளின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் வேலையிலும் இறங்கினார்.

1984 பிப்ரவரி 7 அன்று மதுரவாயலில் அவர் இறந்தார். திட்டம் கைவிடப்பட்டு, அதே வருடம் நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

சரி, கேமரன் மலைக்கு இதில் என்ன?

விளைச்சல் தரும் ரகங்களை உருவாக்கப் பயிற்சி பெற்ற ஒருவர், கடைசியில் காட்டைக் காப்பாற்றப் போனது முரண்பாடு போலத் தெரியலாம். யோசித்துப் பாருங்கள். கோ 205 பிறக்கக் காரணம், யாரும் மதிக்காத ஒரு காட்டுப் புல். அது இல்லையென்றால் வடஇந்தியாவின் சர்க்கரை ஆலைகளின் கதையே வேறு மாதிரி போயிருக்கும். நாளைக்கு ஒரு புது நோய் வந்தாலோ, வெயில் இரண்டு டிகிரி கூடினாலோ, பயிரைக் காப்பாற்றும் குணம் எந்தக் காட்டுச் சொந்தத்திடம் இருக்கும் என்று இன்றைக்கே சொல்லிவிட முடியாது. காட்டை வெட்டிவிட்டால் தேடுவதற்கு இடமே இருக்காது.

கேமரன் மலையில் தேயிலை மேட்டுக்கு மேலே பிரிஞ்சாங் மலையின் பாசிக்காடு இருக்கிறது. கீழே காய்கறித் தோட்டங்களுக்காக வெட்டப்பட்ட சரிவுகள். மண் அரித்து ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் படிகிறது. 2013 அக்டோபரில் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனதை இங்கே உள்ளவர்கள் மறக்கவில்லை. விளைச்சலும் காடும் இரண்டு தனித்தனிக் கணக்குகள் அல்ல என்பதை நாம் அன்று கண்ணால் பார்த்தோம்.

ஒரே அச்சில் வார்த்த குளோன் செடிகளுக்கும் இதே பாடம்தான். எல்லாம் ஒன்று போல இருந்தால் பறிக்க எளிது, சுவையும் சீராக வரும். ஆனால் ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும்.

ஜானகி அம்மாளைப் பற்றி அடுத்த முறை ஒரு பதிவு உங்கள் கைப்பேசிக்கு வந்தால், கரும்பை இனிப்பாக்கியவர் என்ற வரியை மட்டும் திருத்தி அனுப்புங்கள். அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனவர், வந்த இடம் அழியக் கூடாது என்று கடைசிவரை நின்றவர் என்று எழுதினால் போதும். அவருக்குச் சேர வேண்டிய பெருமை அதிலேயே நிறைய இருக்கிறது.